சேத அறிக்கை: சொந்தப் பாவனைக்கு

பதினெட்டு வருடமாக நான் எழுதிய வரி:
“திருத்துவது இலாபமற்றது.”
லொறி மோதிய வான், மாடு மோதிய மோட்டார்சைக்கிள்,
வெள்ளத்தில் மூன்று நாள் கிடந்த
நெல் வெட்டும் இயந்திரம்,
எல்லாவற்றுக்கும் கீழே அதே வரி, அதே கையெழுத்து.

பெரிய வெள்ளிக்கு முதல்நாள்
ஏறாவூர் அரிசி ஆலையின் பின்னால்
உமிக்குள் மூக்குவரை புதைந்து நின்ற இதைக் கண்டேன்.
ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், அறுபத்தெட்டு.
இரண்டே இருக்கை, கூரை இல்லை,
ஒரு காலத்தில் சிவப்பு.
“இந்தக் காசுக்கு ஓட்டோ ஒன்றே எடுக்கலாம்” என்றார் பேரின்பம்.
அவர் சொன்னது சரி. கணக்கை நானும் பார்த்திருந்தேன்.

வீடு கல்லடி உப்போடையில்.
இந்தப் பக்கம் வாவி, அந்தப் பக்கம் கடல்,
ஊரின் பெயரிலும் உப்பு.
பழைய இரும்பைக் கொண்டுவந்து வைக்க
இதைவிடப் பிழையான இடமில்லை.

உடைந்த ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைப்
பனியன் துணியில் சுற்றி
முன் மட்காட்டிலிருந்து நடத்தினேன்.
பிடிக்கிறது. பிடிக்கிறது. வழுக்குகிறது.
வழுக்கிய இடமெல்லாம் புட்டி; சோக்கால் ஒரு வட்டம்.
பொழுதுபட நிமிர்ந்து பார்த்தால்
வட்டங்களுக்குள்தான் கார் இருந்தது.

பொனட் முழுதாய் முன்னால் சாயும்,
கரையேறிய முதலை வாய் பிளந்ததுபோல.
உள்ளே ஒரு எலிக்கூடு.
அதற்கு மட்டும் “சேதமில்லை” என்று எழுதினேன்.

கதவடியில் ஸ்குரூட்ரைவரைக் குத்தினேன்.
கைப்பிடிவரை போனது, மணிக்கட்டு நோகாமல்.
துளைகளை அடைத்திருந்தது
கசக்கித் திணித்த பத்திரிகைத் தாள்:
அரைவாசி மரண அறிவித்தல், ஒரு சவர்க்கார விளம்பரம்,
ஒரு வருடத்தின் முதல் மூன்று இலக்கம்.
நான்காவதைக் கறையான் தின்றிருந்தது.

இடது கதவில் சுரண்டினேன்.
இரண்டு துளை.
வெளியே தகரம் உள்வாங்கி, உள்ளே இதழ் விரித்து.
பென்சிலை விட்டுப் பார்த்தேன், தொழில் பழக்கம்:
வந்த திசை, போன திசை.
நுனி இடது இருக்கையைக் காட்டியது.
அந்த இருக்கைக்கு மட்டும் புது உறை.

“சேதத்தின் காரணம்” என்றொரு கட்டம் உண்டு.
காற்று, வெள்ளம், தீ, மோதல், மிருகம், வேறு.
“வேறு” மேல் பேனையை வைத்து எடுத்தேன்.
நீலப் புள்ளி ஒன்று விழுந்தது, அவ்வளவுதான்.
ஆலைக்காரர் மஃறூபுக்கு அழைத்தேன்.
“சாவி ரெண்டும் இரிக்கிதா மிஸ்?” என்றார்.
இருக்கிறது என்றேன்.
அதன்பிறகு நாங்கள் மழையைப் பற்றிப் பேசினோம்.

அன்சலம் பல்தசார் வெல்டிங் பெட்டியோடு வந்தான்.
“அவசரப்பட்டு அறுத்தா நடு மடிஞ்சிரும் மிஸ்,
முதல்ல கதவு வாயில குறுக்கால ரெண்டு கம்பி.”
கம்பி வைத்துப் பிடித்தபின்தான்
கீழே அழுகியதை வெட்டினான்.
வெட்டிய துண்டு முற்றத்தில் விழுந்தபோது
சத்தமே வரவில்லை, அப்பம் விழுந்ததுபோல.

“இந்த ரெண்டையும் அடைக்கவா?”
அடை, மழை வரும்.
வெளியே அரம்போட்டு மட்டமாக்கு. உள்ளே அப்படியே விடு.
முகமூடியை இறக்கிக்கொண்டான்.

ஐப்பசி. இரண்டு காபரேட்டரிலும் எறும்பு.
“கிறுகுது மிஸ், பத்துதில்ல.”
இன்னொருமுறை.
“கிறுகுது.”
பிறகு பதினொரு செக்கன்:
வெள்ளைப் புகை, பெற்றோல் மணம்,
பக்கத்து வீட்டு நாய்,
கொடியில் காய்ந்த சீருடையெல்லாம் கரி.
பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்த பேரின்பம்
“ஓட்டோச் சத்தம்தானே” என்றார்.
போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து
தானே ஒருமுறை சாவியைத் திருப்பிப் பார்த்தார்.

மாரி இறங்குமுன் தளம் முடியவேண்டும்.
கூரைத் துணிக்குக் காத்தான்குடியில் சொல்லியிருக்கிறேன்.
காந்தம் ஜன்னலில் கிடக்கிறது.
துணியின் மேல் அரத்தூள்,
மயிர்க்கூச்செறிந்த தோல்போல
எழுந்து நிற்கிறது.